மாட்டு மூளையும் சி.டி. ஸ்கேனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் அம்மாவை ஹட்டனிலிருந்து கண்டிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். விடியற்காலை பஸ், வழியெல்லாம் வாந்தி. ஸ்கேன் என்னவோ சில நிமிடம்தான்.

அறிக்கையில் ‘ஹவுன்ஸ்ஃபீல்ட்’ என்றொரு அளவு இருந்தது; எக்ஸ்ரே கதிரை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டுவது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. அப்புறம் பார்த்தால் அது ஒரு மனிதரின் பெயர்! சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்துப் பண்ணையொன்றில் வளர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் அவரது முதல் ஸ்கேனுக்கு 9 நாள் பிடித்தது. பரிசோதிக்க மாட்டு மூளையைப் பையில் போட்டு லண்டனுக்குள் தூக்கிப்போனாராம். 1971இல் முதல் நோயாளி. 1979இல் அலன் கோர்மக்குடன் நோபல் பரிசு.

நம் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் இவரைப் பற்றிச் சொல்லலாமே. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் குறைந்தால் உடனே பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறோம்.

ஒரு வாசகர்,
ஹட்டன்