செயலாளர் ஆண்டறிக்கை: நாளைய ஆசிரியருக்குக் கற்பிப்பவர் யார்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர்களே, இளம் ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டில் எம்மை விட்டுப் பிரிந்த, எம் ஆசிரியர் சங்கத்தின் இரு மூத்த உறுப்பினர்களுக்கு முதலில் அஞ்சலி. 2009 இல் போரால் இடம்பெயர்ந்தோர் இருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாளின் கீழே பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். கரும்பலகை கிடையாது, பதிவேடு கிடையாது, தரம் ஒன்று முதல் ஐந்து வரை ஒரே பாயில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை எப்படி ஒன்றாக வைத்துப் படிப்பித்தார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்காமல் விட்டோம். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

நிர்வாக சபை ஒழுங்காகக் கூடியது. மாரியில் குளம் வான் பாய்ந்து பாதை மூடப்பட்டதால் ஒரு கூட்டத்தை மட்டும் பின்போட நேர்ந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு எங்களை அதிகம் பேச வைத்தது ஒரே ஒரு விடயம். ஆசிரியராகப் போகும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுந்தவர் யார்? வன்னியில் இருக்கும் எமக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. எம் உறுப்பினர்களில் மூத்தவர்கள் 1923 இல் தொடங்கிய கோப்பாய் ஆசிரிய கலாசாலையின் வழி வந்தவர்கள். 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியற் கல்லூரிகள் வந்தன. இன்று நாட்டின் பல பகுதிகளிலும் அவை உள்ளன. பூந்தோட்டத்தில் உள்ள வவுனியாக் கல்லூரி அவற்றில் ஒன்று. அங்கே சேரும் ஆசிரிய பயிலுநர்கள் இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயில்வுக்கு, அதாவது வகுப்பில் நின்று கற்பித்துப் பழக, வருகிறார்கள். அந்த மூன்றாம் வருடத்தில் அவர்கள் வந்து நிற்பது எம் பாடசாலைகளில், எம் கண் முன்னால்.

அப்படி வந்த ஒரு பயிலுநரின் வகுப்பில் நடந்ததை இங்கே பதிகிறேன். தரம் மூன்று, கணிதம், 32 இலிருந்து 17 ஐக் கழிக்க வேண்டும். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி 25 என்று எழுதியிருந்தாள். பயிலுநர் பிழை போட்டு, சரியான விடையைக் கரும்பலகையில் எழுதி, "இப்படிச் செய்ய வேண்டும்" என்று மீண்டும் ஒருமுறை செய்து காட்டினார். அடுத்த கணக்கிலும் பிள்ளை அதே பிழையை விட்டாள். பின்னால் அமர்ந்திருந்த எம் ஓய்வுபெற்ற ஆசிரியை எழுந்து போய்ப் பிள்ளையின் பக்கத்தில் குந்தியிருந்து, "எப்படி அம்மா செய்தீர்கள், எனக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டார். "ஏழிலே இரண்டு போனால் ஐந்து, ரீச்சர். மூன்றிலே ஒன்று போனால் இரண்டு" என்றாள் பிள்ளை. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண் போகும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். ஆசிரியை தன் பையிலிருந்து ஈர்க்குக் கட்டுகளை எடுத்தார். பத்துப் பத்தாய்க் கட்டிய மூன்று கட்டு, தனியாக இரண்டு ஈர்க்கு. "இதிலிருந்து எனக்கு ஏழு ஈர்க்கு தாருங்கள்." பிள்ளை கையிலிருந்த இரண்டையும் பார்த்தாள், கட்டுகளைப் பார்த்தாள், பிறகு தானாகவே ஒரு கட்டின் றப்பர் வளையத்தைக் கழற்றினாள்.

அந்தப் பயிலுநர் கெட்டிக்காரி. பாடக்குறிப்பும் குறையில்லாமல் எழுதியிருந்தார். பிள்ளையின் பிழைக்குள்ளே ஒரு நியாயம் இருக்கும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் அவருக்கு யாரும் செய்து காட்டியிருக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு நடத்திய கலந்துரையாடல் மாலை விளக்கு வைக்கும் வரை நீண்டது. முப்பது வருடம் வகுப்பில் நின்றவரே ஆசிரியருக்கு ஆசிரியராக வேண்டும் என்றார்கள் மூத்தவர்கள். பட்டதாரி உறுப்பினர் ஒருவர், அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986 இல் முன்வைத்த கருத்தை எடுத்துச் சொன்னார். பாடத்தை அறிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று, குறித்த ஒரு பாடத்தைப் பிள்ளைக்கு விளங்கும்படி எப்படி மாற்றிக் கொடுப்பது என்பது இவை இரண்டும் சேர்ந்த தனி அறிவு என்பது அது. ஆராய்ச்சி செய்பவர்கள் இல்லாவிட்டால் இதற்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டோம் என்றார் அவர். அதில் உண்மை உண்டு.

அனுபவம் மட்டும் போதும் என்று நானும் சொல்ல மாட்டேன். எம் பகுதியில் எழுத்துப் பழக்குவதில் நிகரில்லாத ஓர் ஆசிரியரைச் செயலமர்வுக்கு அழைத்தோம். "கையைப் பிடித்து எழுதுங்கள், வந்துவிடும்" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. எந்தப் பிள்ளையின் கையை எப்போது விடுகிறார், எதைக் கண்டு விடுகிறார் என்று கேட்டபோது யோசித்துப் பார்த்தார். சொல் கிடைக்கவில்லை. தேர்ந்த நீச்சல்காரர் எல்லோரும் நீச்சல் பழக்க வல்லவர்கள் அல்லர்.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆசிரியருக்குக் கற்பிப்பவர் இன்றும் பிள்ளைகள் முன் நிற்பவராக இருக்க வேண்டும், தான் செய்வதை நிறுத்திப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் வகுப்பை விட்டவர், அன்றைய பிள்ளையைத்தான் மனத்தில் வைத்துப் பேசுவார். பல்தர வகுப்பு எடுத்தறியாதவர், மூன்று ஆசிரியர்களும் ஐந்து தரங்களும் உள்ள காட்டோரப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்புவார்? பயிற்சிக் காலத்தில் பின் வாங்கில் அரை மணி நேரம் இருந்து புள்ளியிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவது மேற்பார்வை ஆகாது. அப்படிப் புள்ளி வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.

ஆகவே சங்கம் ஒரு கோரிக்கையை எழுதி உரியவர்களுக்கு அனுப்பியது. விரிவுரையாளர்கள் வாரத்தில் ஒரு நாளாவது அயற்பாடசாலையில் தாமே வகுப்பெடுத்து, பயிலுநரைப் பார்க்க விட வேண்டும். தேர்ந்த ஆரம்பப்பிரிவு ஆசிரியர்களைத் தவணைக்கு ஒருமுறையேனும் கல்லூரிக்கு அழைத்து, விரிவுரையாளரும் அவரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து நடத்த வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. புதிய நிர்வாகம் இதைக் கைவிடாமல் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

பதில் வரும்வரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. பயிலுநர்கள் சனிக்கிழமைகளில் எம் மண்டபத்துக்கு வருகிறார்கள். அந்த வாரம் கண்ட பிள்ளையின் பிழை ஒன்றைக் கொப்பியோடு கொண்டு வர வேண்டும் என்பது ஒரே விதி. மூத்தவர்கள் கேட்கிறார்கள், பயிலுநர்கள் விடை தேடுகிறார்கள். சில வேளைகளில் மூத்தவர்களுக்கே விடை தெரிவதில்லை, அந்த நாள்களில்தான் அதிகம் படிக்கிறோம்.

ஈர்க்குக் கட்டுகள் அலுமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன. எடுத்துச் செல்பவர்கள் பக்கத்தில் உள்ள கொப்பியில் பெயரையும், எந்தத் தரத்துக்கு எந்தக் கணக்குக்கு என்பதையும் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கட்டுகள் இன்னும் திரும்பி வரவில்லை.

நன்றி.

செயலாளர்