ஏழாம் அதிகாரத்தோடு நிறுத்தாதீர்கள்: ஆயர் ஐயாவுக்கும் குருசேகரக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழு அங்கத்தினர் அனைவருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

புதன்கிழமை சாயங்கால வேதபாட வகுப்பு மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்படுகிறது என்று ஆராதனை முடிவில் வாசித்தீர்கள். காரணம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த காரணம் என்பதால் விட்டிருப்பீர்கள். ஆதியாகமத்தில் வரும் நோவாவின் வெள்ளத்தைப் படித்துக்கொண்டிருந்தோம், கேள்விகள் வந்தன, அந்தக் கேள்விகள் குழுவின் காதுக்குப் போயின, ஹாலின் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள்.

ஆனால் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கவனித்தீர்களா என்று தெரியவில்லை. ஆதியாகமம் 7ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். தண்ணீர் 150 நாள் பூமியை மூடியிருந்தது என்பதோடு அந்த அதிகாரம் முடிகிறது. அடுத்த வாரம் படிக்கவிருந்தது 8ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். தேவன் நோவாவையும், அவனோடு பேழையில் இருந்த எல்லா மிருகங்களையும் நினைத்தருளினார் என்று சொல்லும் வசனம். வெள்ளத்தைச் சொல்லும் 6 முதல் 9 வரையான நான்கு அதிகாரங்களும் திரும்புகிற இடம் அதுதான். அதுவரை ஏறிய தண்ணீர் அங்கிருந்துதான் வடியத் தொடங்குகிறது. வெள்ளம் பார்த்த ஒரு சபையை அதற்கு முந்தின வசனத்தில், தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டுப் போவது நியாயமா ஐயா?

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். வகுப்பைத் திரும்பத் தொடங்க அனுமதியுங்கள். 9ஆம் அதிகாரம் முடியும்வரை படிக்க விடுங்கள்.

வகுப்பு நின்றதைப் பொறுத்துக்கொண்டு நாங்கள் வீட்டில் படித்திருப்போம். சபையின் கன்வென்ஷன் கூட்டத்தில் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் அழைத்து வந்த பிரசங்கியார் எடுத்ததும் அதே வெள்ளத்தைத்தான். நோவாவின் நாட்களில் நடந்தது போலவே இந்தப் பகுதியின் பாவத்துக்காகத்தான் இந்தப் பகுதிக்குத் தண்ணீர் வந்தது என்று மேடையிலிருந்து சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்களுக்குக் கேள்வி கேட்க அனுமதி இல்லை, அவருக்கு மட்டும் தீர்ப்பு சொல்ல ஒலிபெருக்கி கொடுத்தீர்கள்.

அன்றைக்கு மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை எர்ணாவூரில் அவர் வீட்டுக்குள் வந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெயும் சேர்ந்து வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கருப்புக் கோடு நின்றது. சுண்ணாம்பு அடித்தால் இரண்டு வாரத்தில் கோடு மறுபடி தெரிந்தது. பிள்ளைகளின் காலில் ஒட்டியது சோப்புக்குப் போகவில்லை, தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து எடுத்தார், அப்புறம் தோல் முழுக்க அரிப்பு. பாய், தலையணை, ரேஷன் அரிசி, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் தெருவுக்குப் போயின. அவர் கணவர் பைபர் படகில் போகிறவர். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்த நாட்களில் வலையை இறக்க முடியவில்லை. பழைய வலை கருத்துப்போய் எதற்கும் உதவாமல் போனது. எண்ணூர் மீன் என்றால் வாங்க ஆளில்லை. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய் அப்படியே திரும்பி வந்த காலம் அது. நிவாரணத்துக்குப் பேர் எழுதும் இடத்தில் வரிசையில் நின்று, பட்டியலில் பேர் இல்லை என்று அனுப்பப்பட்டதும் அவர்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஞாயிறுகூட அவர் ஆலயத்துக்கு வராமல் இருந்ததில்லை. கன்வென்ஷனில் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "பாவத்துக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லிட்டாங்களே டீச்சர், அப்புறம் எந்தக் கையை நீட்டி நான் அப்பம் வாங்குறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதை நான் சொல்வது போதாது. அந்த மேடையை அமைத்தவர்கள் சொல்ல வேண்டும்.

பாவம் இல்லை, தீர்ப்பு இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆதியாகமம் 6 அப்படிச் சொல்லவும் இல்லை. பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது என்கிறது. அதுதான் காரணம். அப்படியானால் எங்கள் பகுதியில் கொடுமை எது என்று கேட்க வேண்டாமா? ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலைச் சேரவிட்டது யார், கழிமுகத்தைத் தூர்த்தது யார், கால்வாயில் எண்ணெயை விட்டது யார்? அதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த எண்ணெயைத் தன் பிள்ளையின் காலிலிருந்து துடைத்தெடுத்த பெண்ணைப் பார்த்துப் பாவி என்பது வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. அதே 6ஆம் அதிகாரம் தேவன் மனஸ்தாபப்பட்டதையும், அவருடைய இருதயம் நொந்ததையும் சொல்கிறது. மேடையில் நின்றவரின் குரலில் அந்த நோவு கொஞ்சமும் இல்லை.

இயேசுவிடமும் இதே பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13. கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார், செத்தவர்கள்மேல் பழி போடவில்லை. மழை நீதியுள்ளவர்கள் மேலும் அநீதியுள்ளவர்கள் மேலும் பெய்கிறது என்றும் அவர்தான் சொன்னார். ஞாயிறு பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கும் வசனம் அது.

சரி, வகுப்பில் வந்த கேள்விகளுக்கு வருகிறேன். அவைதான் குற்றம் என்றால் அவற்றையும் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்.

பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி, 6ஆம் அதிகாரத்தில் எல்லாவற்றிலும் ஒரு ஜோடி, 7ஆம் அதிகாரத்தில் சுத்தமான மிருகங்களில் ஏழேழு என்று வருகிறதே, எது சரி என்று கேட்டான். இரண்டு பழைய மரபுகள் சேர்த்து எழுதப்பட்டிருக்கலாம் என்று பல வேத அறிஞர்கள் கருதுகிறார்கள், பலியிடுவதற்காகக் கூடுதலாக எடுத்துக்கொண்டான் என்று விளக்குகிறவர்களும் உண்டு என்று வகுப்பு நடத்திய அண்ணன் இரண்டையும் சொன்னார். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பழைய அசீரிய நகரமான நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளைப் பற்றியும் அவன் கேட்டான். 1872இல் ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆய்வாளர் லண்டனில் வாசித்துக் காட்டிய, பாபிலோனியரின் கில்காமேஷ் கதையில் வெள்ளம் வருகிறது, கப்பல் வருகிறது, கீல் பூசுகிறார்கள், பறவைகளை வெளியே விடுகிறார்கள். அப்போது நம் வேதம் காப்பியா என்றான். அவனுக்கு விசுவாசக் குறைவு என்று குழுவில் யாரோ சொன்னதாக அவன் காதுக்கே வந்துவிட்டது. இப்போது அவன் ஞாயிறும் வருவதில்லை.

அந்தக் கேள்வியிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பாபிலோனியரின் இன்னொரு பழைய வெள்ளக் கதையில், அத்ராகாசிஸ் கதையில், மனிதர்கள் போடும் சத்தத்தில் தெய்வத்துக்குத் தூக்கம் கெடுகிறது, அதனால் வெள்ளம் அனுப்பப்படுகிறது. ஆதியாகமத்தில் காரணம் சத்தம் இல்லை, கொடுமை. தேவன் எரிச்சலடையவில்லை, மனம் நொந்தார். பக்கத்து வீட்டுக் கதையை வைத்துப் பார்த்தபோதுதான் நம் வேதம் சொல்ல வந்தது எங்களுக்கு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அன்று வகுப்பு முடிந்து ஜெபித்தபோது நிறையப் பேர் அழுதார்கள். விசுவாசம் குறைந்த கூட்டம் அப்படி ஜெபிக்காது ஐயா.

காசிமேட்டில் படகு வேலை செய்கிற அண்ணன் ஒருவர் அதிகம் பேசாதவர். பேழை 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம் என்று வாசித்ததும் கணக்குப் போட்டு, நீளம் மட்டும் ஏறக்குறைய 135 மீட்டர் வரும் என்றார். பிறகு, இதில் சுக்கானும் இல்லை, பாயும் இல்லை, துடுப்பும் சொல்லப்படவில்லை என்றார். கதவைக்கூடக் கர்த்தர்தான் அடைத்தார். உள்ளே இருந்தவர்கள் எந்தப் பக்கமும் திருப்ப முடியாத ஒன்றில் உட்கார்ந்து, நினைக்கப்படுவதற்காகக் காத்திருந்தார்கள் என்று அவர் சொன்ன மாதிரி எந்த கன்வென்ஷன் மேடையிலும் நான் கேட்டதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து வேறொன்று வந்தது. நோவாவின் மனைவிக்குப் பெயரும் இல்லை, ஒரு வார்த்தைப் பேச்சும் இல்லை. வெள்ளம் தொடங்கியதிலிருந்து பூமி காய்ந்ததுவரை, வேதக் கணக்கில் ஒரு வருஷத்துக்கும் மேல், அத்தனை உயிர்களுக்கும் தீனி போட்டதில் அவள் கை இருந்திருக்காதா என்று கேட்டார்கள். முகாமில் பொங்கிப் போட்டவர்களுக்கு அந்தக் கேள்வி தானாகவே வரும்.

இன்னும் படிக்காதது எவ்வளவோ இருக்கிறது. மனுஷனுடைய இருதயத்தின் நினைவுகள் சிறுவயது தொடங்கிப் பொல்லாதவை என்று சொல்லும் அதே வசனத்தில்தான், இனி மனுஷனிமித்தம் பூமியைச் சபிப்பதில்லை என்ற தீர்மானமும் இருக்கிறது. வெள்ளம் மனிதனை மாற்றவில்லை, ஆனாலும் தேவன் உடன்படிக்கை செய்கிறார். 9ஆம் அதிகாரத்தில் அந்த உடன்படிக்கை மனிதனோடு மட்டும் நிற்கவில்லை, பறவைகளோடும் மிருகங்களோடும் சகல ஜீவஜந்துக்களோடும் செய்யப்படுகிறது. சிறகில் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாக்களை எண்ணூர் கழிமுகத்தில் பார்த்தவர்கள் நாங்கள். அந்த வசனத்தை எங்களைவிட யார் கவனமாக வாசிக்கப் போகிறார்கள்? பேதுரு தன் நிருபத்தில் அந்தத் தண்ணீரையே ஞானஸ்நானத்துக்கு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் இதைச் சொல்லித்தருகிறோமா?

நோவாவின் மகன் காம் செய்த தப்புக்கு அவன் மகன் கானான் சபிக்கப்பட்ட பகுதியும் 9ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. ஆப்பிரிக்க மக்களை அடிமையாக வைத்திருக்க நூற்றாண்டுகளாக அந்த வசனத்தைத்தான் காட்டினார்கள். பிறப்பை வைத்து ஒருவனைச் சபிக்கப்பட்டவன் என்பது எப்படிப்பட்டது என்று இந்த நாட்டில் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேதத்தைப் பாதியில் விட்டால், மீதியை யார் எப்படி வேண்டுமானாலும் எடுத்துப் பேசலாம். கன்வென்ஷனில் நடந்ததும் அதுதான்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்வென்ஷன் பந்தலுக்கும் பேனருக்கும் பணம் இருக்கிறது, குழுத் தேர்தல் வந்தால் இரவு பதினொரு மணிவரை ஹாலில் விளக்கு எரிகிறது. கையில் வேதத்தோடு வரும் முப்பது நாற்பது பேருக்கு வாரத்தில் ஒன்றரை மணி நேரம் அதே ஹாலைத் தர முடியவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, வாலிபர்கள் ஏன் சபையை விட்டுப் போகிறார்கள் என்று வருஷாவருஷம் கூட்டம் போடுகிறோம். இது எனக்கு ஆறவில்லை.

எல்லை மீறிப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் மரியாதை இருப்பதால்தான் வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை வகுப்பைத் திரும்பத் தொடங்க அனுமதி தாருங்கள். நடத்துகிறவரின் தகுதிதான் குழுவின் கவலை என்றால், கீழ்ப்பாக்கத்தில் குருகுல் இறையியல் கல்லூரி இருக்கிறது, அங்கிருந்து ஓர் ஆசிரியரை அழைத்து வாருங்கள். நீங்களே நடத்தினால் இன்னும் சந்தோஷம். இறையியல் படித்தவர் நீங்கள், நாங்கள் கேட்ட எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், காரணத்தை எழுதி அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வாசியுங்கள்.

கூடவே இன்னொன்று. அந்த அக்காவின் வீட்டுக்கு நீங்களே ஒருமுறை வாருங்கள் ஐயா. கன்வென்ஷனில் சொல்லப்பட்டது சபையின் போதனை இல்லை என்று உங்கள் வாயால் அவரிடம் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பார்.

கர்த்தருக்குள் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி,
எர்ணாவூர்.