இவருக்குப் பதில் இவர்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் மாடியேறி வந்திருக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு வரை இந்த அறிக்கையை வாசித்தவர் வேறொருவர். நம் ரசிகர் வட்டம் தொடங்கிய நாளிலிருந்து செயலாளராக இருந்த சார், முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு கோவையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாட்ஸ்அப் குழுவில் 'வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் நோட்டை என் கையில் திணித்தார்கள். தலைவர் எழுந்து, டிவி சீரியல் குரலில், "இனி இவருக்குப் பதில் இவர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அந்த வாசகமே ஆண்டு முழுவதற்கும் நம் தலைப்பாகிவிட்டது. அறிவியல் புனைகதைத் தொடர்களில் ஆள் மாறினால் ரசிகன் எப்போது ஏற்றுக்கொள்கிறான், எப்போது கடைசிவரை கறுவிக்கொண்டே இருக்கிறான்?

கூட்டங்கள் வழக்கம்போல மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, தில்லைநகர் டியூஷன் சென்டர் மாடியில் நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று நடக்கவில்லை. இன்னொன்று, புரொஜக்டர் மக்கர் செய்ததால் வடையும் டீயுமாக முடிந்தது. அதுவும் நல்ல கூட்டம்தான். திரையில் எதுவும் ஓடாததால் எல்லோரும் வாயைத் திறந்து பேசினார்கள்.

முதல் கூட்டத்திலேயே துணைத்தலைவர் அக்கா விஷயத்தைப் போட்டு உடைத்தார். "நம்ம சீரியல்ல மாமியார் மாறினா ஒரு போட்டோ, ஒரு குரல், அதோட சரி. அடுத்த சீன்ல மருமக அதே பழைய கோபத்தோட புது முகத்தைப் பார்த்து அழறா. வீட்ல ஒருத்தருக்கும் சந்தேகமே வராது" என்றார். உண்மைதான். விண்வெளிக் கதைக்காரர்களுக்கோ இன்னொரு வழியும் இருக்கிறது: ஆள் மாறியதையே கதையாக்கிவிடலாம். அந்த வழியில் முதலில் துணிந்து போனவர்கள் பிபிசியின் டாக்டர் ஹூ ஆட்கள் என்பதால், அதிலிருந்தே தொடங்கினோம்.

அதன் நாயகன் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசி, எல்லோரும் கூப்பிடும் பெயரே 'டாக்டர்'. 1963-ல் தொடங்கிய அந்தத் தொடரின் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல். மூன்று ஆண்டுகளில் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. தொடரை நிறுத்த மனமில்லாமல், 1966 அக்டோபர் 29 அன்று கிழவர் தரையில் சாய, அதே இடத்தில் பேட்ரிக் ட்ரவுட்டன் கண்விழித்தார். அந்தப் பகுதி முழுதாக இன்று பிபிசியிடமே இல்லை. உருவம் மாறும் சில நொடிகள் மட்டும், புளூ பீட்டர் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டியதால் தப்பிப் பிழைத்தன. அந்தத் துண்டை நாங்கள் நாலு தடவை ஓட்டிப் பார்த்தோம். இதற்கு 'மறு உருவாக்கம்' என்ற பொருளில் இன்று எல்லோரும் சொல்லும் பெயர்கூட 1974-ல்தான் தொடருக்குள் வந்தது. முதல் தடவை நடந்தபோது பார்த்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல ஒரு வார்த்தையும் கிடையாது.

என்னைக் கவர்ந்தது அதற்கு அடுத்த கதை. அதன் ஒளிப்பதிவும் தொலைந்துபோனது. எஞ்சிய ஒலிப்பதிவுக்கு 2016-ல் அனிமேஷன் செய்ததைப் பார்த்தோம். டாக்டருடன் பயணம் செய்யும் பென்னுக்கு இந்தப் புது மனிதர் மேல் துளியும் நம்பிக்கை இல்லை. பழைய டாக்டரின் மோதிரத்தை எடுத்துப் புதியவரைப் போட்டுக் காட்டச் சொல்கிறான். மோதிரம் விரலில் பொருந்தவில்லை. அவ்வளவுதான் காட்சி. ஆனால் வீட்டில் உட்கார்ந்து "இவர் அவர் இல்லையே" என்று முணுமுணுத்த ஒவ்வொருவருக்காகவும் பென் கேட்டுவிட்டான். கதைக்குள் ஒருவன் கேட்டுவிட்டால் நமக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது.

அதே தொடரில் 1968-ல் இன்னொரு வேடிக்கை. டாக்டரின் பயணத் துணை ஜேமியாக நடித்த ஃப்ரேசர் ஹைன்ஸுக்கு அம்மை போட்டுவிட்டது. படப்பிடிப்பை நிறுத்த வழியில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கதையில் ஜேமியின் முகம் துண்டுகளாகிவிடுகிறது, டாக்டர் அதை ஒட்டவைக்க வேண்டும். அவர் தப்பாக ஒட்டிவிடுகிறார், ஜேமிக்கு வேறு முகம் வந்துவிடுகிறது. ஹேமிஷ் வில்சன் என்பவர் வந்து நடித்துவிட்டுப் போனார். அம்மை இறங்கியதும் ஹைன்ஸ் திரும்பினார், டாக்டரும் இந்தத் தடவை சரியாக ஒட்டிவிட்டார். இப்படி ஒரு சமாளிப்பை நம் ஊர் ஸ்கிரிப்ட் ரைட்டர் யாராவது எழுதினால் காலில் விழத் தயார் என்று பொருளாளர் சொன்னது மினிட்ஸில் பதிவாகியிருக்கிறது.

எல்லா மாற்றமும் இப்படி அழகாக அமைந்துவிடவில்லை. ஆறாவது டாக்டரான காலின் பேக்கரை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, உருமாறும் காட்சிக்கு மட்டும் வந்து போகச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். 1987-ல் ஏழாவது டாக்டர் சில்வெஸ்டர் மெக்காயே சுருட்டை விக் வைத்துக்கொண்டு தரையில் கவிழ்ந்து படுத்து, இரண்டு பேரின் வேலையையும் முடித்தார். அந்த விக்கைப் பார்த்து மாடியே அதிர்ந்தது. எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதரைச் சரியாக வழியனுப்பாவிட்டால் அது திரையில் எப்படியும் தெரிந்துவிடும்.

அப்புறம் விண்கப்பல் கதையான ஸ்டார் ட்ரெக். 80-களில் தூர்தர்ஷனில் பார்த்து இந்த நோய் பிடித்தவர்கள்தான் நம்மில் மூத்தவர்கள், அதனால் மூன்று கூட்டங்கள் இதற்கே போயின.

இங்கே நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும். அதன் வழிவந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் இரண்டாம் சீசனில் கப்பல் மருத்துவராக வந்த டாக்டர் புலாஸ்கியை எனக்கு ஆகவே ஆகாது. முதல் சீசனின் டாக்டர் கிரஷராக நடித்த கேட்ஸ் மெக்ஃபேடன் விலக, 1988-ல் டயானா மல்டார் வந்தார். வந்தவுடனேயே எல்லோரும் குழந்தைபோலக் கொண்டாடும் இயந்திர மனிதனை, 'டேட்டா' என்ற அவன் பெயரை 'டாட்டா' என்று சொல்லிக் கூப்பிட்டார். அவன் திருத்தினான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். ஒன்று என் பெயர், மற்றது என் பெயர் இல்லை என்றான். எனக்கு அந்த இடத்திலேயே புலாஸ்கி முடிந்துபோனார். டாட்டா என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த சீசனில் மெக்ஃபேடன் திரும்பியபோது நான் கைதட்டியவன்.

இந்த ஆண்டு அந்த சீசனை முழுதாக மறுபடி பார்த்தோம். புலாஸ்கி மோசமான டாக்டர் இல்லை. தப்பு செய்தால் ஒத்துக்கொள்கிறார். டேட்டாவிடமே மெல்ல மெல்ல மாறுகிறார். ஆனால் கப்பலில் ஒருவரும் "கிரஷர் இருந்தால் இப்படிச் செய்வாரா" என்று வாய்விட்டுச் சண்டை போடுவதில்லை. பென் மாதிரி கேட்க ஆள் இல்லாததால் அந்தச் சண்டையைப் பார்ப்பவர்களே போட வேண்டியதாயிற்று. கிரஷரா புலாஸ்கியா என்ற ஓட்டெடுப்பில் என் ஓட்டை மாற்றிக்கொண்டேன். அப்படியும் புலாஸ்கி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். யார் ஓட்டு என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' எழுதியவர்கள் இதில் பாடம் படித்திருந்தார்கள். ஆறாம் சீசன் முடிவில், 1998-ல், டெரி ஃபேரல் விலக, ஜட்சியா டாக்ஸ் கொல்லப்படுகிறாள். டாக்ஸ் என்பது உடலுக்குள் வாழும் இன்னோர் உயிர். ஒரு உடல் போனால் அடுத்ததற்குக் குடிபோகும், பழைய நினைவெல்லாம் கூடவே வரும். ஒன்பதாவது உடலாக எஸ்ரி வந்தாள், நடித்தவர் நிக்கோல் டி போர். சின்னப் பெண், தயாராகாமலே இந்தச் சுமையைத் தலையில் வாங்கியவள். ஜட்சியாவின் கணவன் வோர்ஃப் அவளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். செத்துப்போன மனைவியின் நினைவெல்லாம் வேறொரு முகத்தில் எதிரே நின்றால் அவன்தான் என்ன செய்வான்? ரசிகனின் மனக்குறையை அப்படியே வோர்ஃபுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேப்டன் சிஸ்கோ மட்டும் ஜட்சியாவைக் கூப்பிட்ட மாதிரியே இவளையும் 'பெரிசு' என்றுதான் கூப்பிடுகிறார். டாக்ஸ் முன்பு ஒரு கிழவர் உடலில் இருந்த காலத்துப் பழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காய வடை என்று சொன்னார். நம்பவில்லை.

ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடரில் மைக்கேல் ஷாங்க்ஸ் 2002-ல் போய் ஒரே சீசனில் திரும்பி வந்ததும், இடையில் ஜோனஸ் க்வினாக வந்த கோரின் நெமெக் பாவம் இடம் காலி செய்ததும் ஒரு மாலையில் பேசி முடிந்தது. அந்தத் தொடரைப் பார்த்தவர்களே நம்மில் குறைவு.

முகம் மாறுவது ஒரு பக்கம் என்றால், ஆளே மாறாமல் முகமூடி மட்டும் மாறுவது மறுபக்கம். ஜெஃப்ரி கோம்ப்ஸ் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வெயூன், பிரண்ட் என்று இரண்டு வில்லன்கள். 1999-ல் ஒரே எபிசோடில் இரண்டு பேருமாக வருகிறார். ஒன்று தேன் ஒழுகப் பேசும் தூதர், மற்றது பெரிய காது வைத்த வரி அதிகாரி மாதிரி. ரப்பருக்கு அடியில் யார் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நம் கடைசி வரிசைத் தம்பி, இஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டான். "சார், 'ஸ்' சொல்றப்ப மாட்டிக்கிறார்" என்றான். இனி அவனுக்கு முன்வரிசை. வெயூன் முதலில் வந்த எபிசோடிலேயே செத்துப்போனவர். நடிகர் பிடித்துப்போனதால் அந்த இனமே குளோன்தான் என்று சொல்லித் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள். செத்தவரை எழுப்ப இதைவிட மரியாதையான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மார்க் லெனார்ட் முதல் ஸ்டார் ட்ரெக்கில் 1966-ல் எதிரி இனமான ரோமுலன்களின் தளபதி, அடுத்த ஆண்டே நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கின் அப்பா. மகனாக நடித்த லெனார்ட் நிமாயைவிட அவர் ஏழு வயதுகூட மூத்தவரில்லை. யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும்தான். காலின் பேக்கர் கதை இன்னும் சுவை: 1983-ல் காவலராக வந்து ஐந்தாவது டாக்டரைச் சுட்டார், மறு ஆண்டு அவரே ஆறாவது டாக்டர். பீட்டர் கபால்டி 2008-ல் பாம்பெய் நகரத்து வியாபாரியாக வந்தவர். எரிமலை வெடிக்கும்போது டாக்டர் அவர் குடும்பத்தை மட்டும் காப்பாற்றுகிறார். பிறகு கபால்டியே டாக்டர் ஆனதும், கண்ணாடியைப் பார்த்து, இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று குழம்புகிறார். பதில் 2015-ல் வந்தது. ஒருவரையாவது காப்பாற்று என்று தனக்குத் தானே நினைவூட்டத்தான் அந்த முகம். நடிகர் தேர்வில் நடந்த தற்செயலை ஏழு ஆண்டுகள் கழித்துக் கதைக்குள் வரவு வைத்துவிட்டார்கள். கணக்கெழுதும் எனக்கு இது பெரிய திருப்தி.

கார்த்திகைக் கூட்டம் பாபிலோன் 5 என்ற விண்வெளி நிலையத் தொடருக்கு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதல் சீசனின் நாயகன் சின்க்ளேர், நடித்தவர் மைக்கேல் ஓ'ஹேர். 1994-ல் இரண்டாம் சீசன் தொடங்கியபோது அவர் இல்லை, புரூஸ் பாக்ஸ்லைட்னர் ஷெரிடனாக வந்தார். ரசிகர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நாங்களும் சொன்னோம். நடிப்பு சரியில்லை என்று தூக்கிவிட்டார்கள் என்பது நம் வட்டத்தில் ரொம்ப நாளாக ஓடிய பேச்சு. அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். உண்மை 2013-ல்தான் வெளியே வந்தது. ஓ'ஹேர் முதல் சீசன் நடிக்கும்போதே கடுமையான மனநோயோடு போராடிக்கொண்டிருந்தார். தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி, படப்பிடிப்பை நிறுத்திவைக்கிறேன் என்றார். மற்றவர்கள் பிழைப்பு கெட்டுவிடும் என்று ஓ'ஹேர் ஒப்புக்கொள்ளவில்லை. சீசனை முடித்துக்கொடுத்துவிட்டு விலகினார். நான் சாகும்வரை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஸ்ட்ராசின்ஸ்கி வாக்குக் கொடுக்க, இல்லை, நான் சாகும்வரை காப்பாற்றினால் போதும், அதற்குப் பிறகு சொல்லுங்கள் என்றாராம் ஓ'ஹேர். 2012-ல் அவர் இறந்தார். 1996-ல் இரண்டு எபிசோடுகளுக்கு அவர் திரும்பி வந்து சின்க்ளேரின் கதையை முடித்துக்கொடுத்ததைத்தான் அன்று போட்டோம். முடிந்ததும் விளக்கைப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்று இரவு சாருக்கு போன் செய்தேன். முழங்கால் மட்டும் இல்லை, வேறு சில சோதனைகளும் இருந்தன என்றார். யாரையும் கலவரப்படுத்த வேண்டாம் என்று பேசாமல் போனதாகச் சொன்னார். இப்போது நன்றாக இருக்கிறார். இதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மார்கழிக் கூட்டத்தில் வீடியோ காலில் வந்து, புலாஸ்கிக்காக அரை மணி நேரம் வாதாடினார். அவருக்கு ஓட்டு உண்டா இல்லையா என்ற விதிச் சிக்கல் செயற்குழுவின் பரிசீலனையில் இருக்கிறது.

நிறைவேறிய தீர்மானம் ஒன்றுதான். கதையில் யார் மாறினாலும், கதைக்குள் ஒருவராவது அதைக் கேட்க வேண்டும். நம் வட்டத்தில் யார் விலகினாலும், செயலாளர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டாம் பகுதிக்கு பஸ் கட்டணம் உண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் சந்தா வாடகைக்கும் டீக்கும் சரியாகப் போய்விட்டது, புரொஜக்டர் பழுது பார்த்தது கடனாக நிற்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், அதனால் அவர்களை ஒரு பார்வை மட்டும் பார்த்துவிட்டு உட்காருகிறேன். வட்டத்தின் எவர்சில்வர் டம்ளர்களில் மூன்றைக் காணவில்லை. எடுத்துப் போனவர்கள் அடுத்த ஞாயிறு கொண்டுவந்துவிடவும். அதே டம்ளர்தான் வேண்டும், அதற்குப் பதில் வேறு டம்ளர் ஏற்கப்படாது.

இப்படிக்கு,
செயலாளர்