ஜிரோகாஸ்தருக்கு அரை நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மலரில் வெளியான பால்கன் பயணக் கட்டுரை, அல்பேனியாவின் ஜிரோகாஸ்தரை, சராந்தா கடற்கரையில் தங்குவோர் அரை நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய ஊர் என்று அறிமுகப்படுத்தியிருந்தது. கட்டுரையின் மற்றப் பகுதிகளில் எனக்குக் குறையில்லை. இந்த ஒரு பரிந்துரையை மட்டும் ஏற்க முடியவில்லை. சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் அவ்வாறே போய், மனம் ஆறாமல், மறுநாள் காலையில் திரும்பவும் அதே ஊருக்குப் பேருந்து ஏறினோம்.

அரை நாளில் கோட்டையையும் கடைத்தெருவையும்தான் பார்க்க முடியும். கோட்டையின் திறந்தவெளியில், 1957-இல் அல்பேனியாவில் தரையிறங்க நேர்ந்த அமெரிக்க விமானப்படையின் ஜெட் விமானம் ஒன்று இன்னும் நிற்கிறது. உளவு விமானம் என்று சொல்லி அன்றைய அரசு அதைக் காட்சிக்கு வைத்தது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள். முதல் நாள் நாங்களும் அதைத்தான் செய்தோம்.

ஆனால், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இவ்வூர் இடம்பெற்றதற்கு, மலைச்சரிவில் ஒன்றன் தலைமேல் ஒன்றாக எழும் கோபுர வீடுகளே பெருங்காரணம். உயரமான கல் அடித்தளம், அதன்மேல் குளிர்காலத்துக்கு ஒரு மாடி, அதற்கும் மேலே வெயில்காலத்துக்கு ஒரு மாடி என்பது அவற்றின் அமைப்பு. ஸ்கெந்துலி மாளிகையை அதன் உரிமைக் குடும்பத்தினரே சுற்றிக் காட்டுகிறார்கள். எங்களை அழைத்துச் சென்றவர், கூரையில் விழும் மழைநீர் வீட்டின் அடியிலுள்ள தொட்டிக்கு இறங்கும் வழியைப் பொறுமையாக விளக்கினார். விருந்தினர் கூடத்தின் மேற்புறத்தில் மரச்சட்டமிட்ட சிறு மாடம் ஒன்று உண்டு. கீழே ஆண்கள் அமர்ந்து பேசுகையில், வீட்டுப் பெண்கள் அங்கே மறைந்திருந்து கவனிப்பார்களாம். இதையெல்லாம் கேட்டு முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 1811–12-இல் கட்டப்பட்ட ஜெகாதே மாளிகை இன்னும் மேலே, மூச்சு வாங்கும் ஏற்றத்தில் இருக்கிறது.

கட்டுரையாளர் வியந்து எழுதியுள்ள அந்தச் சாம்பல்நிறக் கூரைகள் ஓடு வேய்ந்தவை அல்ல, கற்பலகைகளை அடுக்கியவை. அவற்றின் பாரத்தைத் தாங்கும் மர உத்தரம் உளுத்துவிட்டால் கூரையே உள்ளே சரிந்துவிடும். ஆளில்லாத சில வீடுகளில் அப்படிச் சரிந்து கிடப்பதைக் கண்டோம். பேருந்து நிற்கும் நேரத்துக்குள் ஓடிப் பார்த்துத் திரும்புபவர்களால் இந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு நுழைவுக் கட்டணம்கூடக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம்.

சர்வாதிகாரி என்வர் ஹோஜாவும் நாவலாசிரியர் இஸ்மாயில் கதாரேயும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்பதைக் கட்டுரை குறிப்பிட்டிருந்தது நன்று. அத்துடன், தேய்ந்து வழவழத்த கற்பாதைகள் மழையில் கடுமையாக வழுக்கும் என்பதையும், முழங்கால் வலி உள்ளவர்கள் பழைய ஊருக்குள்ளேயே ஓர் இரவாவது தங்கி நிதானமாக ஏறலாம் என்பதையும் அடுத்த இதழில் ஒரு குறிப்பாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி.