‘கலந்துவிட்டது’ என்று எழுதியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரைப் பற்றிய பயணக் கட்டுரையை இருமுறை படித்தேன். முதல் முறை ஆவலோடு. “சில ஜெர்மானியக் குடும்பங்கள் வாழ்ந்த ஜெர்மன்டவுன் என்னும் சிற்றூர் காலப்போக்கில் நகரத்தோடு கலந்துவிட்டது” என்ற வரியைக் கண்ட பிறகு, இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. பாலில் சர்க்கரை கலக்கும். ஊர் அப்படிக் கலப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல.

1854 பிப்ரவரியில், ஜெர்மன்டவுன் உள்ளிட்ட சுற்றுப்புற ஊர்களை நகரத்தோடு சேர்க்க வந்த இணைப்புச் சட்டம், அதுவரை இரண்டே சதுர மைல் பரப்பில் இருந்த பிலடெல்ஃபியாவை ஏறத்தாழ 130 சதுர மைலாக்கியது. எல்லைக்கு அப்பால் ஓடிவிட்ட கலகக்காரனை நகரக் காவலர் துரத்திப் பிடிக்க முடியாமலிருந்ததும், வளர்ந்துவந்த புறப்பகுதிகளின் வரி நகரத்துக்குக் கிடைக்காமலிருந்ததும் அதற்குக் காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1689இல் தன்னாட்சிப் பட்டயம் பெற்று, பதவி ஏற்க ஆள் கிடைக்காமல் 1707இல் அதை இழந்து, 1844இல்தான் மறுபடியும் தனிப் பேரூராகியிருந்த ஓர் ஊர், பத்தே ஆண்டுகளில் ஒரு சட்டத்தால் விழுங்கப்பட்டதைக் ‘காலப்போக்கு’ என்று எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

‘சில குடும்பங்கள்’ என்கிறார் கட்டுரையாளர். பதின்மூன்று குடும்பங்கள், ஐயா. ஜெர்மனியின் கிரெஃபெல்டு நகரிலிருந்து ‘கான்கார்டு’ கப்பலில் 1683 அக்டோபர் 6 அன்று வந்து இறங்கியவர்கள். பெரும்பாலோர் துணி நெய்தவர்கள். அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ் என்னும் வழக்கறிஞர், கண்ணாடி கிடைக்காமல் எண்ணெயில் தோய்த்த காகிதத்தைச் சன்னலில் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு வீட்டில் இருந்தார். ஊருக்கு முத்திரை வேண்டியபோது அவர் தேர்ந்தெடுத்தவை திராட்சைக் கொடி, துணிக்கு நார் தரும் ஆளிச்செடி, நூற்கண்டு. வாளும் இல்லை, சிங்கமும் இல்லை.

அந்தப் பாஸ்டோரியஸும் மேலும் மூவரும் 1688இல் அடிமை வணிகத்தை எதிர்த்துக் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. கடலில் முன்பின் தெரியாத கப்பலைக் கண்டால் துருக்கியர் பிடித்து விற்றுவிடுவார்களோ என்று நாம் நடுங்குகிறோமே, இங்கே நாம் செய்வது மட்டும் எந்த வகையில் மேல் என்று அதில் கேட்டிருந்தார்கள். இது மிகக் கனமான விஷயம் என்று குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையின் ஒரு கூட்டம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ள, கடைசியில் ஆண்டுக் கூட்டம் அதை ஓரமாக வைத்துவிட்டது. நம் அலுவலகக் கோப்புகள் மேசை மேசையாக நகர்வதைக் கண்டவர்களுக்கு இது விளக்காமலே புரியும். அந்தக் காகிதம் இடையில் காணாமல் போய், 2005இல்தான் மீண்டும் அகப்பட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழ் வெளியிட்ட அடிமை ஒழிப்புத் தொடரிலும் இதே விண்ணப்பம் விடுபட்டதைச் சுட்டி எழுதினேன். பதில் வரவில்லை. மறுமாதம் ஜெர்மன்டவுன் என்ற பெயரில் ஒரு படம் மட்டும் வந்தது. அது மேரிலாந்து மாநிலத்திலுள்ள வேறொரு ஜெர்மன்டவுன். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததை ஆண்டு தவறாமல் நினைவுகூரும் தாங்கள், 1743இல் கிறிஸ்டோபர் சோவர் என்னும் அச்சகர் பிலடெல்ஃபியாவின் ஜெர்மன்டவுனில் ஜெர்மன் விவிலியத்தை அச்சிட்டதையும், அமெரிக்காவில் முதல் ஆங்கில விவிலியம் வர அதன்பின் 39 ஆண்டுகள் ஆயின என்பதையும் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

என் மகள் அவ்வூரில் குடியிருக்கிறாள். இரண்டு குளிர்காலங்கள் அங்கே தங்கிய நான், ஜெர்மன்டவுன் அவென்யூவில் நாள்தோறும் நடந்திருக்கிறேன். 1992இல் நிறுத்தப்பட்ட 23ஆம் எண் டிராமின் தண்டவாளம் சாலைக் கற்களுக்கிடையே இன்னும் கிடக்கிறது. ஈரத்தில் என் செருப்பு அதில் ஒருமுறை வழுக்கியும் இருக்கிறது. அங்கே இன்று பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வெர்னன் பூங்காவில், முதல் உலகப்போரின்போது ஜெர்மானியப் பெயருக்கு அஞ்சி மூடிவைக்கப்பட்டு 1920இல் திறக்கப்பட்ட பாஸ்டோரியஸ் நினைவுச்சின்னத்தின் அருகே, ஒரு மூதாட்டியிடம் பிலடெல்ஃபியா எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். “அது கீழே இருக்கிறது. இது ஜெர்மன்டவுன்” என்றார். கலந்துவிட்ட ஊரின் பேச்சா இது?

தாங்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். ‘காலப்போக்கில் நகரத்தோடு கலந்துவிட்டது’ என்பதை ‘1854இல் சட்டத்தால் நகரத்தோடு இணைக்கப்பட்டது’ எனத் திருத்தி அடுத்த இதழில் இரண்டு வரி வெளியிட்டால் போதும். இடமில்லை என்றால், 1793இல் மஞ்சள் காய்ச்சல் காலத்தில் வாஷிங்டன் தங்கிய வீட்டுக்கு இம்முறை அரைப்பக்கம் தந்தீர்களே, அப்படி ஒரு படத்தைச் சற்றே சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.