ஏன் இந்த டிபார்ட்மென்ட்டுன்னு கேட்டியே அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இங்க குளிர் ஆரம்பிச்சாச்சு, ஹாஸ்பிடலுக்குப் போறப்பவும் இருட்டு திரும்பி வர்றப்பவும் இருட்டு. பாஷைதான் பாடு. நோயாளிக்குப் பேச்சு குழறுதா, இல்ல இவங்க பேசுற வேகம் எனக்குப் பிடிபடலையான்னு ஆரம்பத்துல ரொம்பக் குழம்புவேன், அதனால கூட வந்தவங்ககிட்ட "எப்பவும் இப்படித்தான் பேசுவாரா"ன்னு கேட்டுக்குவேன்.

நான் மூளைக் கட்டிக்கு வைத்தியம் பாக்குற நியூரோ-ஆன்காலஜி எடுத்ததுக்கு, "எல்லாரும் செத்துப்போற டிபார்ட்மென்ட்ட ஏன்டா எடுத்த, கார்டியாலஜி எடுத்திருக்கலாம்ல"ன்னு போன்ல கேட்டியே. மூளைல வர்ற கட்டியெல்லாம் ஒண்ணு கிடையாதுக்கா. கிளையோபிளாஸ்டோமாங்குற, வேகமா வளர்ற புத்துநோய்க் கட்டி மோசந்தான், இல்லங்கல. 2005ல வந்த ஆராய்ச்சில ரேடியேஷனோட டெமோசோலமைடுங்குற கீமோ மருந்தும் சேத்துக் குடுத்தப்போ ரெண்டு வருஷம் தாண்டுனவங்க நூத்துக்கு 10 பேர்லேர்ந்து 26 பேரா ஆனாங்க, இன்னும் அதத்தான் குடுக்குறோம். ஆனா கட்டியோட செல்லுல ஐடிஹெச்னு ஒரு ஜீன் மாறியிருந்தா கத வேற, பல வருஷம் நல்லா இருக்குறவங்க இருக்காங்க, அதுல வேகம் கம்மியான வகைக்குன்னே 2024ல அமெரிக்கால வோராசிடெனிப்னு ஒரு மாத்திரைக்கு அனுமதி குடுத்தாங்க. பயாப்ஸி ரிப்போர்ட் வந்தா ஐடிஹெச் மாறியிருக்கா இல்லையான்னு சொல்ற அந்த ஒரு வரியத்தான் நான் மொதல்ல தேடுறது.

ஒருத்தர் வந்தாரு, பேனாவக் காட்டுனா "அது... எழுதுற..."ன்னு நிப்பாரு, பொண்டாட்டி பேரே வாயில வரல. கட்டியச் சுத்தி வீக்கம், அத வடிய வைக்க டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு போட்டோம். ரெண்டு நாள் கழிச்சு ரவுண்ட்ஸ் போனா, அந்தம்மாவப் பேர் சொல்லிக் கூப்ட்டு என் கண்ணாடிய எங்க வச்சன்னு சண்ட போட்டுட்டிருக்காரு! அவங்க திட்டு வாங்கிக்கிட்டே சிரிக்குறாங்க. கட்டி அப்படியேதான் இருக்கு, வீக்கந்தான் வடிஞ்சிருக்கு, அது அவங்களுக்கும் தெரியும்.

சர்ஜன் எடுக்க முடிஞ்சத எடுத்துட்டு அடுத்த கேஸுக்குப் போயிடுவாரு (தப்பு சொல்லல, அவங்க வேல அப்படி), ரேடியேஷன் பெரும்பாலும் ஆறு வாரத்துல முடிஞ்சிடும், அதுக்கப்புறம் ஸ்கேன், வலிப்பு மாத்திரை, கார் ஓட்டலாமா வேலைக்குப் போலாமா, இன்னும் எவ்ளோ நாள்னு எல்லாத்துக்கும் எங்ககிட்டதான் வருவாங்க. அந்த எடத்துல உக்காந்து பேசுற டாக்டராத்தான் எனக்கு இருக்கணும், அவ்ளோதான்க்கா.

அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. லீவு இன்னும் கன்ஃபார்ம் ஆகல, ஆனதும் டிக்கெட் போட்டுட்டு சொல்றேன்.

உன் தம்பி