தையல் நிலைய மாதர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவி அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரயத்தைப் பற்றியே கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

விரயம் என்றால் மூலையில் கிடக்கும் துண்டுத்துணிச் சாக்குத்தான் எங்கள் கண்ணுக்குத் தெரியும். கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளைகள் விரயத்தைக் குறைக்கும் லீன் முறையைச் சொல்லித் தந்த பிறகு மற்றவையும் தெரிய வந்தன. ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை அது. விரயத்தை 7 வகையாகப் பிரித்த அவர், தேவைக்கு மேல் செய்து குவிப்பதே எல்லாவற்றிலும் மோசம் என்றார். எங்கள் அலுமாரியில் மாரிக்குப் புள்ளி விழுந்த வெள்ளைச் சட்டைகளே அதற்குச் சாட்சி. இப்போது ஓடர் வந்த அளவுக்குத்தான் துணி வெட்டுகிறோம்.

வெட்டு மேசையில் நல்ல மாற்றம். பாடசாலைச் சீருடைக்குப் பெரிய அளவையும் சின்ன அளவையும் ஒரே விரிப்பில் கலந்து, கடதாசிப் பற்றன்களை அடுக்கிப் பார்த்த பிறகே கத்தரிக்கோல் எடுக்கிறோம். கைத்துண்டுகளுக்கு இடையில் எஞ்சும் வளைவில் கொலரும் பொக்கற்றும் அடங்கிவிடுகின்றன. வெள்ளைத் துணியில் பற்றனைத் தலைகீழாகவும் வைக்கலாம். நெடுக்கு இழை மட்டும் பிசகக் கூடாது. பிசகினால் தோய்த்ததும் சட்டை முறுகிவிடும். 58 அங்குலத் துணிக்குப் போட்ட அடுக்கு 45 அங்குலத்துக்குச் சரிவராது, எனவே வாங்கும்போதே அகலத்தை அளந்து எழுதி வைக்கிறோம்.

துண்டுகளில் கால்துடைப்பான் தைத்து விற்றது நல்லதுதான். ஆனால் அதைச் சேமிப்பு என்று கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. மீற்றர் விலைக்கு வாங்கிய துணி அது.

தையலில், முன்பு எல்லாச் சட்டைகளின் கொலரும் தைத்து முடிந்த பிறகே அடுத்த மெஷினுக்குப் போகும். பிழை என்றால் அத்தனையையும் பிரிக்க வேண்டும். இப்போது ஐந்தைந்தாகக் கைமாறுவதால் பிழை உடனே பிடிபடுகிறது. பொத்தான் துளை போடும் அக்காவுக்குத்தான் இன்னும் திருப்தியில்லை. "நடுவில கை சும்மா இருக்குது. காத்திருக்கிறதும் அந்த ஏழில ஒண்டுதானே?" என்கிறார். அவர் சொல்வது சரி. துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெஷின் ஒன்றுதான் இருக்கிறது. எல்லாம் அதில்தான் தேங்குகிறது. இடைநேரத்தில் நூல் வெட்டும் வேலையை அவரிடம் கொடுத்துப் பார்த்தோம், தேக்கம் குறையவில்லை.

இரண்டாவது ஓவர்லொக்கைச் சேமிப்பிலிருந்து வாங்குவதா, மானியத்துக்கு விண்ணப்பிப்பதா என்பதை இன்றைய கூட்டம் தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்